இரண்டு மணிச் சாப்பாடு நான்கு மணிக்குப் போனால்...



நமது சங்கக் கூட்டங்களில் நாம் பேசாத விஷயம் இல்லை. ஜி.எஸ்.டி. கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை, வீட்டு வாசலுக்கே சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய கம்பெனிகளின் போட்டி என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். தீர்மானம் போடுகிறோம். மனுக் கொடுக்கிறோம். ஆனால் கூட்டம் முடிந்து காபி வரும்போது, "எனக்குச் சர்க்கரை இல்லாமல்" என்று நம்மில் பலர் மெல்லிய குரலில் சொல்லுகிறோமே, அந்த விஷயத்தை மட்டும் மேடையில் யாரும் எடுப்பதில்லை.

சர்க்கரை நோய் அவரவர் வீட்டு விஷயம், டாக்டர் பார்த்துக்கொள்வார், சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு என்பதே நமது கருத்து. இந்த நோய் வருவதற்குப் பரம்பரை, உடல் பருமன் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் வந்த நோய் ஒரு நிலையில் நிற்காமல், காலையில் ஏறி மதியம் இறங்கி இரவில் மறுபடி ஏறி ஆளைச் சாய்ப்பதற்குப் பெரிய காரணம் நமது கடை நேரம். அந்த நேரத்தை மாற்றும் சக்தி டாக்டரிடம் இல்லை. நம்மிடம்தான் இருக்கிறது.

எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விஷயத்தின் அளவு புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அந்த ஆய்வு சொல்லிற்று. நகரங்களில் வாழும் பெரியவர்களில் மட்டும் கணக்கெடுத்தால் நூற்றுக்கு 16 பேருக்கு மேல். அப்படியானால் 200 உறுப்பினர் உள்ள ஒரு நகரச் சங்கத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம் அதைவிடக் குறைவாக இருக்க நியாயமில்லை.

நமது ஒரு நாள்

ஒரு மளிகைக் கடைக்காரரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறக்க வேண்டும். எழுந்ததும் ஒரு காபி, கடைக்கு வந்ததும் ஒரு டீ. எட்டரை மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு இட்லியை நின்றுகொண்டே விழுங்குகிறார். பிறகு லோடு வருகிறது. சரக்கு இறக்கி, எண்ணி, சிட்டையில் எழுதி, லாரிக்காரருக்குப் பணம் கொடுத்து முடிப்பதற்குள் மணி ஒன்று. "சாப்பிட்டு வாங்க அண்ணாச்சி" என்று வீட்டிலிருந்து போன் வருகிறது. "இதோ, இந்த ஒரு பில்லை முடித்துவிட்டு வருகிறேன்" என்கிறார். அந்த ஒரு பில் முடியும்போது மணி மூன்றே கால். இரவு கடையடைத்துக் கணக்கு முடித்து வீடு போய்ச் சேரப் பதினொன்று. பகலில் சாப்பிடாததற்கும் சேர்த்து அப்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடுகிறார்.

இதில் எந்த இடத்திலும் அவர் சோம்பேறித்தனம் செய்யவில்லை. உழைத்திருக்கிறார். ஆனால் மாத்திரை வேளைக்குப் போயிருக்கிறது, சாப்பாடு வேளைக்குப் போகவில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நாம் சாப்பிடுவது சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேருகிறது. அதை ரத்தத்திலிருந்து எடுத்து உடம்பின் தசைகளுக்கும் உறுப்புகளுக்கும் சேர்க்கும் வேலையை, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. நம்மில் பலர் போடும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா, இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை. தன் வேலையை அது செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். சாப்பாடு தள்ளிப் போனால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது. மெட்ஃபார்மின் மட்டும் தனியாகப் போடுபவர்களுக்கு இந்த இறக்கம் அபூர்வம். ஆகவே, நாம் போடும் மாத்திரை எந்த வகை, இதனால் சர்க்கரை தாழுமா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கு மூட்டையில் என்ன ரகம் என்று பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. உடம்புக்குள் போகும் மாத்திரையை மட்டும் பார்க்காமல் போடலாமா?

தாழ்ந்தால் என்ன தெரியும்?

ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். முதலில் கை நடுங்கும். உடம்பு குப்பென்று வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். கடும் பசி எடுக்கும். உதடு, நாக்கு மரத்தாற்போல் இருக்கும். இவை உடம்பு அடிக்கும் முதல் மணி. அதைக் கவனிக்காமல் விட்டு, அளவு 54-க்கும் கீழே இறங்கினால் மூளைக்குப் போகும் சர்க்கரை போதாமல் போகிறது. அப்போது பேச்சு குழறும். பார்வை இரட்டையாகத் தெரியும். கூட்டல் கழித்தல் தவறும். காரணமில்லாமல் கோபம் வரும். அதற்கும் மேலே போனால் வலிப்பு, மயக்கம்.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர். ஐம்பத்தெட்டு வயது. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பொரியும் கடலையும் போட்டு மாளாத கூட்டம். மதியம் மூன்று மணிக்கு மேல், இருபது வருஷமாக வரும் ஒரு வாடிக்கையாளரிடம் திடீரென்று சண்டைக்குப் போனார். அறுபது ரூபாய் மீதி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். வியர்வை வழிகிறது, நாக்குக் குழறுகிறது. கடைக்கு முன்னால் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? "பட்டப்பகலிலேயே ஆரம்பித்துவிட்டாரா" என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரின் தாயார் சர்க்கரை நோயாளி. அதனால் அவருக்கு விஷயம் புரிந்தது. ஓடி வந்து, அந்தக் கடையிலிருந்தே ஒரு பிடி சீனியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் மனிதர் தெளிந்தார். தான் சண்டை போட்டதே அவருக்கு நினைவில்லை.

இதைவிட நாம் கவனிக்க வேண்டியது, பிறகு அவருடைய கணக்கப்பிள்ளை சொன்ன செய்தி. ஒரு மாதமாகவே மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் முதலாளி எழுதிய சிட்டைகளில் மட்டும் கூட்டல் தவறிக்கொண்டிருந்ததாம். கையெழுத்தும் கோணியிருந்ததாம். "வயசாகிறது" என்று நினைத்துத் தாமே திருத்தி வைத்துவிட்டாராம். அதாவது, அவர் உடம்பில் நடந்தது அவருக்குத் தெரிவதற்கு முன்பே அவருடைய கணக்கில் தெரிந்திருக்கிறது! வணிகர்களுக்கு இது ஒரு நல்ல அடையாளம். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மீதிக் காசு தவறுகிறதா, அந்த நேரத்தில் மட்டும் எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் கெட்ட கனவு வரும், பனியன் நனையும்படி வியர்க்கும், காலையில் தலைவலியோடு எழுந்திருக்க நேரும். ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் அமுங்கிப் போகும். வியர்வை மட்டுமே தெரியும். அடிக்கடி தாழ்ந்து பழகிய உடம்பும் மணி அடிப்பதை நிறுத்திவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்குவதால் சர்க்கரை தாழ்வது கூடும். வெறும் வயிற்றில் மது அருந்துவதும் தாழ வைக்கும். அந்த நிலையில் விழுந்தால், வாசனையை வைத்துக் "குடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள், உயிரே போகலாம்.

உடனே செய்ய வேண்டியது

மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுகோஸ் பவுடர், ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அரை டம்ளர் இனிப்புக் குளிர்பானமும் கொடுக்கலாம். டயட் என்று எழுதியது உதவாது. பதினைந்து நிமிடம் பொறுத்து, சரியாகவில்லை என்றால் மறுபடி ஒரு முறை. தெளிந்ததும் சாப்பாடு சாப்பிட வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் தாழும். லட்டு, மைசூர்பாகு, சாக்லெட் என்று கொடுப்பவர்கள் உண்டு. அவற்றில் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு வெறும் சர்க்கரைதான் நல்லது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை போடுபவர்களுக்கு நாம் விற்கும் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அது செரித்து ரத்தத்தில் சேருவதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் குளுகோஸ் பவுடரையே வைத்துக்கொள்ள வேண்டும்.

நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும். இன்னொன்று: மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை, தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடியும் தாழலாம். குறிப்பாக வயதானவர்களுக்கு. "சரியாகிவிட்டது" என்று மறுபடி கல்லாவில் உட்கார்ந்துவிடாமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்காகப் பயந்துபோய் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. கொள்முதலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், கை நடுங்கும்போது வண்டியை எடுக்கவே கூடாது.

ஏறினால் என்ன தெரியும்?

தாழ்வது ஆளைச் சாய்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஏறுவது அப்படியல்ல. கறையான் மூட்டையை அரிப்பது போல, வெளியே தெரியாமல் அரிக்கும்.

அடிக்கடி தாகம். ஒரு மணிக்கு ஒரு தரம் சிறுநீர் கழிக்கப் போவது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கல்லாவிலேயே கண் சொருகுவது. கண் மங்கி, பாக்கெட்டில் அச்சடித்த விலை தெரியாமல் போவது. பிறப்புறுப்பில் ஓயாத அரிப்பு. சின்னப் புண்ணும் ஆறாமல் இழுப்பது. கால் எரிச்சல், மதமதப்பு. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை வைத்தே நம் முன்னோர் இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதற்கு எறும்பை நம்பி இருக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200-ம் அதற்கு மேலும் இருந்தால் அது சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பது வாசற்படி. இதோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் பழ வாசனை என்று சேர்ந்தால் அது ஆபத்து நிலை. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலேயே வரலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காரணம் தெரியாத மூச்சு வாங்கலும் வியர்வையும் வந்து, சர்க்கரை கொடுத்தும் தெளியவில்லை என்றால், வாயுத்தொல்லை என்று ஓமவாட்டரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கால் விஷயத்தில் நமது வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடை லட்சுமி இருக்கும் இடம் என்று நம்மில் பலர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வியாபாரம் பார்க்கிறோம். அந்தப் பக்தியைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் நமது குடோன் தரையில் என்னென்ன கிடக்கின்றன? கோணி ஊசி, பெட்டியிலிருந்து பிடுங்கிய ஆணி, தகர டின் மூடி, கண்ணாடிச் சில்லு. மரத்துப் போன காலில் ஊசி ஏறினால் தெரியாது. இரவில் காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது. சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். விரலை எடுத்தவர்களையும் காலை எடுத்தவர்களையும் நமது கடைவீதியிலேயே பார்க்கிறோம். கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொண்டால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். இரவில் படுக்கப் போகுமுன் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

சராசரியை நம்பலாமா?

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எச்.பி.ஏ.1சி. என்பார்கள். அது 6.5-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். மிகவும் பயனுள்ள சோதனை, செய்துகொள்ள வேண்டும். ஆனால் நாம் வியாபாரிகள். சராசரியின் குணம் நமக்குத் தெரியும். துவரம் பருப்பு விலை ஒரே சீராக ஏறினாலும் சமாளிக்கலாம், ஒரே சீராக இறங்கினாலும் சமாளிக்கலாம். இந்த வாரம் ஏறி அடுத்த வாரம் விழுந்தால், மாதச் சராசரி நன்றாகத்தான் இருக்கும். இடையில் சரக்கெடுத்தவன் கை சுட்டுக்கொண்டிருப்பான். ஒருவருக்கு மதியம் 50, இரவு 300 என்று ஆடிக்கொண்டிருந்தாலும் சராசரி மோசமில்லாமல் வரலாம். ஆகவே, சோதனைச் சாலைச் சீட்டை மட்டும் டாக்டரிடம் நீட்டினால் போதாது. "மதியம் நான்கு மணிக்குத்தான் சாப்பிடுகிறேன், மூன்று மணிக்குக் கை நடுங்குகிறது" என்பதையும் சொல்ல வேண்டும். நமது கடை நேரத்தைச் சொன்னால்தான், அதற்கு ஏற்ற மருந்தையும் வேளையையும் அவர் எழுத முடியும்.

நாம் விற்கும் சரக்கு

இந்த விஷயத்தில் வாடிக்கையாளருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். "சுகருக்கு எது நல்லது அண்ணாச்சி?" என்று நம்மைக் கேட்பவர்கள் எத்தனை பேர்! நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் இவற்றால் சர்க்கரை ஏறாது என்று சொல்லி விற்பது தவறு. இவை மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். ருசிக்கு விற்போம், மணத்துக்கு விற்போம், மருந்து என்று விற்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, "முப்பதே நாளில் சர்க்கரை நோய் அடியோடு போகும்" என்று அச்சடித்துக்கொண்டு வரும் பொடிகள். கமிஷன் கூடுதலாகத் தருகிறார்கள் என்று இவற்றை முன் வரிசையில் அடுக்குகிறவர்கள் உண்டு. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர வைத்தியங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இப்படிப்பட்ட சில பொடிகளில் ஆங்கில மாத்திரையின் மருந்தைச் சேர்ப்பதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை போடும் ஒருவர் இதையும் தின்றால் சர்க்கரை தாழ்ந்து விழுவார். அந்தப் பழி நம் கடை வாசலில்தான் வந்து நிற்கும்.

மறைப்பது ஏன்?

இவ்வளவும் தெரிந்த வியாபாரிகள்கூட நோயை மறைக்கிறார்கள். காரணம் நமக்குத் தெரியாததல்ல. "உடம்புக்கு முடியவில்லை என்று வெளியே தெரிந்தால் மண்டியில் சரக்குத் தர யோசிப்பார்கள், பாக்கிக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம். மொத்த வியாபாரிகள் என்ற முறையில் இதற்கு நாம் பதில் சொல்லலாம். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக ஒருவருக்குச் சரக்கை நிறுத்திய மொத்த வியாபாரியை நாம் கண்டதில்லை. அப்படிப் பார்த்தால் சரக்கு அனுப்பக் கடையே மிஞ்சாது. நாங்கள் யோசிப்பது, ஒருநாள் திடீரென்று ஆள் படுத்துவிட்டு, கணக்கு எங்கே, சாவி எங்கே, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் கடை பூட்டிக் கிடக்கும்போதுதான். நோயை மறைப்பதால் நாணயம் காப்பாற்றப்படுவதில்லை. நாள் தவறாமல் கடை திறந்திருப்பதால்தான் காப்பாற்றப்படுகிறது.

இரண்டாவது பயம், மதியம் கடையை அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்பது. போட்டி நிறைந்த இந்தக் காலத்தில் இந்தப் பயத்தை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. இணையத்தில் விற்பவனுக்கு மதியமும் இல்லை, இரவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடையை அடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சாப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறோம். இருபது நிமிடம் கல்லாவில் மகனோ, மனைவியோ, நம்பிக்கையான ஆளோ உட்காரட்டும். ஒருவரும் இல்லாத ஒற்றையாள் கடை என்றால், சாப்பாட்டுப் பாத்திரம் பன்னிரண்டரைக்கே கல்லாவுக்குப் பின்னால் வந்து இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரரும் நாமும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வேலையாளை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. முதலாளியின் வயிற்றுக்குச் சட்டம் இல்லை. அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடை ஆட்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடும் இளைஞர்கள் நம் கடைகளில் வேலை செய்கிறார்கள். வேலை போய்விடும் என்று பயந்து, கழிவறையில் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேர்க்கும்போதே, "உடம்புக்கு ஏதாவது இருந்தால் சொல்லப்பா, வேலைக்கு ஒன்றும் ஆகாது" என்று நாம் சொல்லிவிட்டால் அந்தப் பயம் போகும். அதுபோலவே, நாம் சாப்பிடப் போகும்போது கல்லாவில் வந்து உட்காரும் நம் வீட்டுப் பெண்கள், நாம் திரும்பிய பிறகுதான் சாப்பிடப் போகிறார்கள். நமது வேளை தவறினால் அவர்களது வேளையும் சேர்ந்து தவறுகிறது.

சங்கம் செய்ய வேண்டியவை

நமது சங்க நிர்வாகிகளின் கவனத்துக்குச் சில யோசனைகளை வைக்கிறோம்.

1. சங்க அலுவலகத்தில் விரல் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று இருக்க வேண்டும். மாதாந்திரக் கூட்டத்துக்கு வருபவர்கள் கையெழுத்துப் போடும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி என்பது கண்டிப்பு. இந்தக் கருவி ஓரளவு கூட்டியோ குறைத்தோ காட்டக் கூடியது. ஆகவே, சந்தேகம் வந்தால் சோதனைச் சாலையில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

2. ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் குளுகோஸ் பொட்டலம் ஒன்று தனியாக இருக்க வேண்டும். அது விற்பனைக்கு அல்ல. எங்கே இருக்கிறது என்று கடையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோய் உள்ளவர் சட்டைப் பையில், போடும் மருந்தின் பெயரும் வீட்டுப் போன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

3. மே 5 வணிகர் தினத்தன்று கடைகளை அடைத்து மாநாடு நடத்துகிறோம். அந்தப் பந்தலிலேயே ஒரு பக்கம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், பாதம் பார்க்கும் முகாம் நடத்தலாம். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பாண்டிங்கின் பிறந்த நாள். 1922-இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அந்த மருந்து செலுத்தப்படும் வரை, இன்சுலின் அறவே சுரக்காத பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இல்லாதிருந்தது. அந்த நாளிலும் ஒரு முகாம் வைக்கலாம்.

4. தனியார் செலவு கட்டுபடியாகாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம் சிறு வணிகர்கள் கௌரவம் பார்த்து இதைக் கேட்பதில்லை. நாம் கட்டும் வரியில் நடப்பதுதானே, கேட்டு வாங்கிக்கொள்வதில் என்ன குறைச்சல்?

5. கடைவீதியில் மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரைக்குள் லோடு இறக்குவதில்லை என்று லாரி செட்டுக்காரர்களோடும் சுமைத் தொழிலாளர்களோடும் பேசி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்து யோசனைகளிலும் இதுதான் முக்கியமானது என்பது நமது எண்ணம். இதை ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாது. சங்கம் சொன்னால் நடக்கும். தொழிலாளர்களுக்கும் அந்த நேரத்தில் சோறு கிடைக்கும்.

இருப்பு எவ்வளவு என்று தினமும் பார்க்கிறோம். பாக்கி எவ்வளவு என்று தினமும் பார்க்கிறோம். நமது உடம்பும் நமது முதல்தான். அதில் ஏற்றம் இறக்கம் வந்தால் அடையாளம் காட்டாமல் வருவதில்லை. பார்க்க நமக்குத்தான் நேரமில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஐந்தாவது யோசனையை மட்டுமாவது தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்று மதியம் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடப் போங்கள். பில் காத்திருக்கும்.